ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர்: 80 தாண்டினால் குரல் காதில் விழவில்லை. எங்கே தப்பு?

#1 கிளட்ச்வயர்

வணக்கம் மக்களே. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், ஐஎஸ்ஐ, ஈசிஇ (ஐரோப்பியத் தரம்) ரெண்டு முத்திரையும் இருக்கு. அதுல 40 மி.மீ. ஸ்பீக்கர் ரெண்டு, ப்ளூடூத் யூனிட்டை ஹெல்மெட் ஓரத்துல பிடிக்கிற க்ளாம்ப், தண்டு மைக், பட்டன் மைக் எல்லாம் வர்ற ப்ளூடூத் கிட் போட்டிருக்கேன். 60 கி.மீ. வேகம் வரைக்கும் பிரச்சினை இல்ல. 80 தாண்டுனா மேப் சொல்றது காத்துல கரைஞ்சு போகுது. வால்யூம் ஏற்கெனவே ஃபுல்லு.

இன்னும் ரெண்டு சந்தேகம். காது வர்ற இடத்துல பள்ளமே இல்ல, ஸ்பீக்கர் காதை அழுத்துது. ஹெல்மெட் உள்ள இருக்கிற தெர்மாகோலைக் கொஞ்சம் சுரண்டி ஸ்பீக்கரை உள்ள இறக்கலாமா? க்ளாம்பும் ஓரத்துல சரியா உட்காரல. டேப் போட்டு ஒட்டினா வெயில் தாங்குமா?

#2 காதுள்ளவன்

ஃபுல் வால்யூமில் கேட்கவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் பெரிய ஸ்பீக்கர் வாங்கப் போகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் தப்பு ஸ்பீக்கரில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. இந்த ஸ்பீக்கர்கள் மூடிய பெட்டியில் இருப்பவை அல்ல. காதுத் துவாரத்துக்கு நேராக, கிட்டத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். இடைவெளி 5 மி.மீ.யிலிருந்து 15 ஆனால் முதலில் பேஸ் (கீழ் ஒலிகள்) போகும். பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் தள்ளினால் ‘ச’, ‘ட’, ‘க’ போன்ற எழுத்துகளின் கூர்மை போகும். வழி சொல்லும் குரல் புரிவதே அந்தக் கூர்மையால்தான்.

வழக்கமாக நடப்பது இதுதான்: ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘காது இங்கேதான் வரும்’ என்று உத்தேசமாக ஒட்டுவோம். அந்த உத்தேசம் பெரும்பாலும் கீழேயும் பின்னாலும் போய்விடும். காது மடலின் நடுவில் துவாரம் இல்லை, முன்பக்கம் இருக்கிறது. ஸ்பீக்கரின் நடுப்புள்ளி மடலுக்கு நேரே இருந்து பயனில்லை, துவாரத்துக்கு நேரே வரவேண்டும்.

இடம் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி: சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து, துவாரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மடிப்பில் தடவுங்கள். ஸ்ட்ராப் இரண்டையும் வெளியே இழுத்து விரித்தபடி ஹெல்மெட்டை மாட்டி, ஸ்ட்ராப் போட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கழற்றுங்கள். கறுப்புத் துணியில் புள்ளி விழாது. கீழிருந்து மேலாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருக்கும், ஏனென்றால் மாட்டும்போதும் கழற்றும்போதும் காது உரசும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் காது கடைசியாக நின்ற இடம். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

குறித்த இடத்தில் வெல்க்ரோவைப் பாதி அழுத்தத்தில் ஒட்டி, பாட்டு வேண்டாம், யாராவது பேசுகிற ஆடியோவை ஓடவிடுங்கள். கீழ்ப்பக்கமாக ஒரு விரலை நுழைத்து ஸ்பீக்கரை 5 மி.மீ. மேலே, முன்னே என்று நகர்த்துங்கள். எந்த இடத்தில் ‘ஸ்’ ஒலி பளிச்சென்று கேட்கிறதோ அதுதான் இடம். அப்புறம் அழுத்தி ஒட்டுங்கள்.

இன்னும் இடைவெளி இருந்தால் கிட்டோடு வரும் ஸ்பாஞ்சு வட்டங்களை ஸ்பீக்கருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் சத்தம் குறையும்.

#3 ஓரத்துப்பாதை

அழுத்துதுன்னா சுரண்டுறதுதான் வழி ப்ரோ. ஆக்ஸசரீஸ் கடைகள்ல ஸ்பூனைச் சூடு பண்ணி வட்டமா இறக்கித் தர்றாங்க. 40 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம், அவ்வளவுதான். தலை உச்சியில தொடறோமா என்ன?

#4 நாற்சக்கரவிரோதி

தயவுசெய்து செய்யாதீர்கள். அடி விழும்போது தெர்மாகோல் நசுங்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. நசுங்குவதற்கு எத்தனை மி.மீ. இருக்கிறதோ அத்தனை நேரம் தலைக்குக் கிடைக்கிறது. காதுக்கு மேலே பொட்டுப் பக்கம் மண்டை எலும்பு மெல்லியது. அங்கே 8 மி.மீ. எடுத்தால், மிச்சம் இருக்கும் தெர்மாகோல் முழுதாக நசுங்கி வெளி ஓடு நேராகத் தலையில் இடிக்கும் நேரம் முன்கூட்டியே வந்துவிடும். போதாததற்கு அந்தக் குழியில் ஒரு காந்தமும் உலோகச் சட்டமும் உட்கார்ந்திருக்கும்.

சூடான ஸ்பூன் இன்னும் மோசம். வெட்டிய இடத்தைச் சுற்றித் தெர்மாகோல் உருகி, இறுகி, கண்ணாடி மாதிரி ஒரு தோல் படிகிறது. அது நசுங்காது.

ஐஎஸ் 4151 (ஹெல்மெட்டுக்கான ஐஎஸ்ஐ தரம்) முத்திரை அந்த ஹெல்மெட் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நிலைக்குத்தான். 2021 ஜூன் 1 முதல் இந்தத் தரமுத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கவே கூடாது. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட்டு உள்ளே குடைவதில் என்ன அர்த்தம்? ஈசிஇ 22.06 வந்தபிறகு, ஹெல்மெட் கம்பெனியே அங்கீகாரம் கேட்கும் துணைக்கருவிகளைப் பொருத்திய நிலையிலும் சோதிக்கிறார்கள். ஒட்டுவதையே அவ்வளவு யோசிக்கிறார்கள், தோண்டுவதை விடுங்கள்.

#5 ஓரத்துப்பாதை

சரி, அப்ப காது வலிக்கு என்ன வழி? 40 நிமிஷத்துல காது மடல் எரிய ஆரம்பிச்சிடும். எரியுற காதோட ஓட்டுறதும் ஆபத்துதான்.

#6 நாற்சக்கரவிரோதி

நியாயமான கேள்வி. தொடக் கூடியது தெர்மாகோல் அல்ல, ஸ்பாஞ்சு. கன்னப் பேடைக் கழற்றிப் பாருங்கள். மூன்று அல்லது நான்கு பட்டன்களில் நிற்கும், ஓட்டுக்குச் செங்குத்தாக இழுத்தால் ‘டக்’ என்று வரும். துணிக்குள் இருப்பது மெத்தை ஸ்பாஞ்சு மட்டும் என்றால், காதுப் பக்க ஓரத்தில் கத்தரியால் அரைவட்டமாக எடுக்கலாம். 5 மி.மீ. எடுத்து மாட்டிப் பார்த்து, பிறகு இன்னொரு 5. சில ஹெல்மெட்டுகளில் கன்னப் பேடின் பின்பக்கமே தெர்மாகோலாக இருக்கும், அதைத் தொடக்கூடாது. பல கம்பெனிகள் ஒரே மாடலுக்கு வெவ்வேறு தடிமனில் கன்னப் பேடு விற்கின்றன. வெட்டுவதற்கு முன்னால் மெல்லிய பேடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

எடுத்தபின் ஸ்ட்ராப் போட்டுத் தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். கன்னத்தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் அதிகம் எடுத்துவிட்டீர்கள், புதுப் பேடு வாங்கத்தான் வேண்டும்.

அதற்கும் மேலே வலித்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். 10 மி.மீ. தடிமன் உள்ளதற்குப் பதில் 7 மி.மீ. அல்லது 32 மி.மீ. வட்டம் போட்டால் மடல் தப்பிக்கும். சத்தம் சற்றுக் குறையும்தான். ஆனால் காதுத் துவாரத்துக்கு நேரே நிற்கும் 32, தள்ளி நிற்கும் 40-ஐ விடத் தெளிவாகக் கேட்கும்.

அடுத்த ஹெல்மெட் வாங்கும்போது உள்துணியை விலக்கிப் பாருங்கள். காதுக்கென்றே வட்டப் பள்ளம் அச்சிலேயே வார்த்த மாடல்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அந்தப் பள்ளத்தோடுதான் சோதனையே நடந்திருக்கும்.

#7 ரிச்சித்தெரு

க்ளாம்புக்கு வர்றேன். ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவுல க்ளாம்பின் பின்தகடு நுழையணும். முதல்ல அந்த ஓரத்து ரப்பர் பீடிங்கைப் பாருங்க. சில ஹெல்மெட்ல பீடிங் தடியா இருக்கும், அதுக்கு மேல தகட்டைத் திணிச்சா ஸ்க்ரூ முழுசா இறங்காது. நெம்புறேன்னு ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் தெர்மாகோலைப் பிளந்துடாதீங்க. ஸ்க்ரூ ரெண்டையும் நல்லா தளர்த்தி, கைவிரல் பலத்துல உள்ள போனா க்ளாம்ப். போகலைன்னா டேப். அவ்வளவுதான் விதி.

இடது பக்கம்தான் போடணும். வலது கை ஆக்ஸிலேட்டர்ல, முன் பிரேக்குல இருக்கும்.

டேப்புக்கு 3எம் விஎச்பி (ரெண்டு பக்கமும் ஒட்டுற பலமான டேப்) போதும், வெயில் பிரச்சினை இல்ல. கழண்டு விழறதுக்குக் காரணம் பெரும்பாலும் சுத்தம் பண்ணாததும் அவசரமும்தான். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிப் பாதி கலந்து துடைங்க. டேங்க்ல இருந்து ரெண்டு சொட்டு பெட்ரோல், தின்னர் எல்லாம் கூடவே கூடாது. ஓடு பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ்ஸா இருந்தா கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விடும். தெர்மாகோல் மேல பட்டா கரைஞ்சே போகும். ஃபெவிக்விக்கும், செருப்பு ஒட்டுற மஞ்சள் பசையும் அதே ரகம், தெர்மாகோலைத் தின்னுடும். உள்ள ஏதாவது ஒட்டணும்னா சாதா வெள்ளை ஃபெவிகால், இல்ல வெல்க்ரோவோட வர்ற டேப்.

ஒட்டின 20 நிமிஷத்துல பாதிப் பலம்தான் வரும். ஒரு நாள் கழிச்சு 90 சதவீதம், 72 மணி நேரத்துல முழுசு. ராத்திரி ஒட்டி காலைல ஈசிஆர் கிளம்பினா மகாபலிபுரம் போறதுக்குள்ள தொங்கினாலும் தொங்கும். ஒட்டுற இடத்துல ஓடு எவ்வளவு வளைஞ்சிருக்குன்னும் பாருங்க. தட்டையான தகட்டை வளைஞ்ச இடத்துல ஒட்டினா நடுவுல மட்டும் பிடிக்கும், ரெண்டு ஓரமும் காத்துல நிக்கும். தாடைக்குப் பின்னால, வைசர் திருகுக்குக் கீழ, கொஞ்சம் சமமா ஒரு இடம் இருக்கும். வைசரை முழுசா ஏத்தி, அது யூனிட்டுல இடிக்குதான்னு பார்த்துட்டு ஒட்டுங்க.

#8 கிளட்ச்வயர்

நன்றி சாமிகளா. வயரை எப்படிக் கொண்டு போறது? வலது பக்க வயர் ஒரு அடிக்கு மேல மிச்சம் இருக்கு. மைக் எது போடணும்?

#9 ரிச்சித்தெரு

வலது வயர் பின்னங்கழுத்துப் பட்டைக்கு உள்ளால போகணும். நெத்திப் பக்கமா கொண்டு போறவங்க இருக்காங்க, வேர்வைல ஊறும், அரை மணியில நெத்தியில கோடு விழும். மிச்ச வயரைச் சுருட்டி உச்சியில திணிக்காதீங்க, முடிச்சு மாதிரி அழுத்தும். கன்னப் பேடுக்குக் கீழ, தாடை ஓரத்துல தட்டையா ‘எஸ்’ வடிவத்துல மடிச்சு ரெண்டு இடத்துல துணி டேப் போடுங்க. இழுத்துப் பிடிச்சுக் கட்டாதீங்க. ஹெல்மெட்டை மாட்டும்போது பக்கவாட்டுல விரிக்கிறோம், அப்ப வயருக்கு ஒரு விரக்கடை தளர்வு வேணும்.

கன்னப் பேடு பட்டன் இருக்கே, அதுதான் வயரோட எமன். பேடை அழுத்தி மாட்டுறதுக்கு முன்னால பட்டன் குழி ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்ட்ராப் ரிவெட் பக்கமும் வயர் போகக்கூடாது.

மைக்: ஃபுல் ஃபேஸுக்குப் பட்டன் மைக், ஃபிளிப்-அப்புக்கும் ஓப்பனுக்கும் தண்டு மைக். பட்டனை உதட்டுக்கு நேரா, தாடைப் பகுதியின் உள்ள ஒட்டுங்க. தாடைல இருக்கிற காத்து ஓட்டைக்கு நேர் பின்னால ஒட்டினா எதிர்முனைக்குப் புயல் சத்தம்தான் கேக்கும். தண்டு மைக்குல ஒரு புள்ளியோ அம்போ இருக்கும், அது வாயைப் பார்க்கணும். முன்னால பின்னால ரெண்டு ஓட்டை இருக்கிற ரகம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற சத்தத்தைக் கழிச்சுடும். திருப்பி வெச்சா காத்து உள்ள வரும், உங்க குரல் போயிடும். ஸ்பாஞ்சு உறையைத் தொலைச்சுடாதீங்க.

#10 ஓரத்துப்பாதை

கிட் எதுக்கு, பழைய ஹெட்போன்ல இருந்து ஸ்பீக்கரைப் பிடுங்கிப் போட்டாலே போதும். கிட் காசுல நாலுல ஒரு பங்கு.

#11 ரிச்சித்தெரு

முடியும், ஆனா நாலு விஷயம் பார்க்கணும். முதல்ல ஸ்பீக்கரோட ஓம், அதாவது மின்தடை அளவு. இந்த யூனிட்டுங்க பெரும்பாலும் 32 ஓம் ஸ்பீக்கரை நம்பிச் செஞ்சது. மல்டிமீட்டர்ல அளந்தா 28, 30-னு கொஞ்சம் கம்மியா காட்டும், அது சரிதான். ரேடியோ ஸ்பீக்கர்னு 4 ஓம், 8 ஓம் போட்டா கரண்ட் பல மடங்கு இழுத்து ஆம்ப்ளிஃபையர் சூடாகும், ஃபுல் வால்யூம்ல கட்டாகிக் கட்டாகி வரும்.

அடுத்து, சில யூனிட்டுல இடது, வலது ரெண்டுக்கும் மைனஸ் தனித்தனி. நாலு வயர் வருதுன்னா ரெண்டு மைனஸையும் சேர்த்து முறுக்காதீங்க, ஆம்ப்ளிஃபையர் ஐசி (சிப்) போயிடும். 3.5 மி.மீ. பின் இருக்கிற யூனிட்டுல வழக்கமா ரெண்டுக்கும் பொது கிரவுண்டு (ஒரே மைனஸ்).

ஹெட்போன் வயருக்கு உள்ள இருக்கிற செம்பு இழைல எனாமல் பூச்சு இருக்கும், நைலான் நூலும் பின்னியிருக்கும். சும்மா ஈயம் வெச்சா ஒட்டாது. சால்டரிங் அயனை 380 டிகிரிக்கு வெச்சு, முனைல ஈயத்தைக் குண்டா எடுத்து, அதுக்குள்ள இழையை முக்கிப் பிடிங்க. பூச்சு புகைஞ்சு போய் இழை வெள்ளியா மாறும். அப்புறம் ஜாயின்ட் போட்டு, சூட்டுல சுருங்குற ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டுங்க. ஸ்பீக்கர் முனைல ரெண்டு செகண்டுக்கு மேல அயனை வைக்காதீங்க, பிளாஸ்டிக் இளகிக் காயிலோட மெல்லிய கம்பி அறுந்துடும்.

கடைசியா பிளஸ் மைனஸ். ஒரு பக்கம் மாத்திக் கொடுத்தா ஸ்பீக்கர் கெடாது, ஆனா குரல் தலைக்கு நடுவுல நிக்காம ரெண்டு பக்கமும் சிதறும், பேஸும் வத்தும். ‘ஏதோ சரியில்ல, ஆனா என்னன்னு தெரியல’ன்னு பலர் சொல்றது இதைத்தான்.

#12 காதுள்ளவன்

80-க்கு மேல் கேட்காததற்கு இன்னொரு பாதி காற்று. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 95 டெசிபெலைத் தொடும், தாண்டவும் செய்யும். அமெரிக்காவின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபெலில் 8 மணி நேரம் வரை சரி, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி, 100-இல் கால் மணி. அதற்கு மேல் பாட்டை ஏற்றினால் கேட்கத்தான் செய்யும், காதுதான் போகும்.

எனவே இரைச்சலைக் குறையுங்கள். ஹெல்மெட்டின் கீழ் வாய்ப்பகுதி வழியாகத்தான் பெருமளவு வருகிறது. தாடைக்குக் கீழே மாட்டும் துணித் திரை, கழுத்தைச் சுற்றி ஒரு பஃப் (குழாய் மாதிரித் துணி), இரண்டும் நல்ல வித்தியாசம் காட்டும். வண்டியின் விண்ட்ஷீல்டு உயரம் தப்பாக இருந்தால் சுழல்காற்று நேரே ஹெல்மெட்டில் அடிக்கும். ஓடும்போது சற்றே எழுந்து நின்றால் சத்தம் குறைகிறதா? அப்படியென்றால் குற்றவாளி விண்ட்ஷீல்டுதான்.

இயர்ப்ளக் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் கேட்பது வினோதமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். காற்றும் குரலும் சேர்ந்தே குறைகின்றன, பிறகு ஸ்பீக்கரை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பாஞ்சு ப்ளக் கூர்மையான ஒலிகளை அதிகம் வெட்டும், அதனால் குரல் மூடிப்போய்க் கேட்கும். ஃபில்டர் வைத்த ரகம் இன்னும் சீராக இருக்கும். ஊருக்குள் கழற்றிவிடுங்கள், ஆம்புலன்ஸும் பின்னால் வரும் பஸ்ஸும் கேட்கவேண்டும்.

ஈக்வலைசரில் பேஸை ஏற்றாதீர்கள். காற்றிரைச்சலின் பலம் முழுக்கக் கீழ் ஒலிகளில்தான், அங்கே அதோடு போட்டி போட்டு ஸ்பீக்கர் ஜெயிக்காது. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3, 4 டெசிபெல் ஏற்றுங்கள். வழி சொல்லும் குரல் அங்கேதான் பிழைக்கும்.

#13 மழைநாள்

வால்யூம் ஃபுல் என்கிறீர்கள். ஃபோனிலா, யூனிட்டிலா? இரண்டும் தனித்தனியாக இருக்கலாம். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் ‘அப்சொல்யூட் வால்யூமை முடக்கு’ என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் ஃபோனையும் யூனிட்டையும் தனித்தனியாக ஏற்றலாம். சில ஃபோன்களில் மீடியா வால்யூம் லிமிட் வேறு இருக்கும். பாட்டு கேட்கிறது, மேப் மட்டும் கேட்கவில்லை என்றால் மேப் செட்டிங்கில் ப்ளூடூத் வழியாகக் குரல் என்பதையும், குரலின் அளவையும் பாருங்கள். இண்டர்காம் ஆன் செய்ததும் பாட்டு ரேடியோ மாதிரி ஆனால் கோளாறு இல்லை. பேசுவதற்கான ப்ளூடூத் முறைக்கு மாறும்போது தரம் இறங்கும்.

சார்ஜ்: சாதாரண 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போதும். டைப்-சி போர்ட் இருந்தும் ரெண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் ஏறவில்லை என்றால் யூனிட் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மலிவு யூனிட்டுகளில் அதற்கு வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடாமல் விடுகிறார்கள். பழைய ஏ-டு-சி கேபிளில் ஏறும். பகல் வெயிலில் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு வந்து சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது.

மழையில் யூனிட் தப்பிக்கும், வயரைச் செருகும் பின் தப்பிக்காது. தூசு, தண்ணீர் தாங்கும் ஐபி67 தரம் என்பது போர்ட் மூடி ஒழுங்காக மூடியிருக்கும்போதுதான். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் மழையைவிட வேர்வை உப்புதான் பின்னைப் பச்சையாக்குகிறது. மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றி, ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். உள்துணி துவைக்கும்போது ஸ்பீக்கரை எடுத்துவிடுங்கள். எடுக்கும்முன் இருந்த இடத்தைச் சுற்றித் தெர்மாகோலில் பென்சிலால் வட்டம் போட்டுவையுங்கள். மார்க்கர் வேண்டாம், அதன் மை தெர்மாகோலை அரிக்கும்.

#14 ஓரத்துப்பாதை

போலீஸ் பிடிச்சா?

#15 நாற்சக்கரவிரோதி

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவில் 2019 திருத்தம் சொல்வது கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியை. ஹெல்மெட் ஸ்பீக்கர் அதில் வராது என்று வாதாடலாம். சிக்னலில் நின்று வாதாட வேண்டியவர் நீங்கள்தான். காதுக்குள் செருகும் இயர்பட்ஸ் வேண்டாம். ஹெல்மெட் மாட்டும்போதே திருகிக்கொள்ளும், வலிக்கும், விழுந்தால் உள்ளே அழுந்தும்.

#16 கிளட்ச்வயர்

சாக்பீஸ் வழி அருமை. ஸ்பீக்கர் ரெண்டும் 2 செ.மீ. கீழயும் பின்னாலயும் இருந்திருக்கு. நகர்த்தினதும் 90-ல கூட மேப் தெளிவா கேக்குது, வால்யூம் முக்கால்தான். கன்னப் பேடு ஸ்பாஞ்சு 5 மி.மீ. எடுத்ததுல வலியும் போச்சு. ஆனா இப்ப புதுசா ஒண்ணு: தலையை இடது பக்கம் திருப்பினா வலது ஸ்பீக்கர் விட்டு விட்டு வருது.

#17 ரிச்சித்தெரு

பேடை மறுபடி மாட்டினீங்கல்ல, பட்டன் வயரைக் கடிச்சிருக்கும். வலது கன்னப் பேடைக் கழற்றி, பாட்டு ஓடும்போதே வயரை ஒரு இஞ்ச் ஒரு இஞ்சா விரலால மடக்கிக்கிட்டே போங்க. எங்க மடக்கினா கரகரன்னு வருதோ அங்க உறையில ஒரு அரைவட்டத் தழும்பு தெரியும், பட்டன் விளிம்போட அளவுல. உறை மட்டும் நசுங்கியிருந்தா வயரை இடம் மாத்தி, ஸ்லீவ் போட்டா போதும். உள்ள இழை அறுந்திருந்தா யூனிட்டுல இருந்து பின்னைக் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம்ல வெச்சு, பின்னுல அந்த ஸ்பீக்கரோட பிளஸ், மைனஸ் ரெண்டு முனைலயும் பிடிச்சு வயரை ஆட்டிப் பாருங்க, 30 காட்டிக்கிட்டு இருந்தது வெறும் ‘1’-க்கு, இல்ல ஓஎல்-லுக்குத் தாவும், இணைப்பு அறுந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த இடத்துல வெட்டி, #11-ல சொன்ன மாதிரி எனாமலை எரிச்சு ஜாயின்ட் போடுங்க. ஜாயின்ட் பட்டன்ல இருந்து ரெண்டு விரக்கடை தள்ளியே இருக்கட்டும்.